அந்த உதைக்கு முன் நடந்தது

குமரேசா,

நலம் விசாரித்து ஆரம்பிக்கத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டபோதே நீ நன்றாக இல்லை என்று தெரிந்துவிட்டது. நானும் நன்றாக இல்லை. போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எடுத்தேன், உன் பேரைப் பார்த்ததும் வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். ட்ரெயினிங்குக்குப் போன பூனாவில், ஒரே அறையில் உன்னோடு இன்னும் மூன்று பையன்கள் இருப்பதாகச் சொன்னாய். படித்துவிட்டு இதை ஒளித்து வைக்காதே. அவர்களும் படிக்கட்டும். வளர்மதியின் வீடியோவை முதலில் உனக்குக் காட்டியவர்கள் அவர்கள்தானே.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். நம் தெருவில் எல்லாருடைய செல்லிலும் இருக்கிறது. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து டீக்கடையிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஒரு பெண் ஒருவனின் முழங்காலில் உதைக்கிறாள். அவன் சரிந்து உட்காருகிறான். அவள் ஓடுகிறாள். எடுத்தவன் சிரிக்கிறான். அவ்வளவுதான். அவள் உனக்கு நிச்சயம் செய்த பெண் என்பதால் அது பூனா வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

நீ போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும். "அந்தப் பொண்ணு வேணாம்பா. ரூம்ல சிரிக்கிறானுங்க. தையில கல்யாணம் பண்ணிக்கினு வந்தா நாளைக்கு என்னையும் இதே மாதிரி உதைப்பா. உன்ன ஒருத்தி உதைச்சாளே, நம்ம வூட்டுக்கு அது ஒண்ணு போதாதா?"

"யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். உன் அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். எதிரில் உட்கார்ந்து அவள் என்னிடம் பேசி ரொம்ப வருஷம் ஆகிறது. "நீ எழுது அவனுக்கு. வாயால சொல்ல மாட்ட, எனக்குத் தெரியும். எழுதலன்னா நானே சொல்லிடுவேன். நான் சொன்னா அது வேற மாதிரி இருக்கும்" என்றாள்.

எனக்கு விழுந்த உதையைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்னதுதான். நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த வருஷம் அது. ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் நான் காண்ட்ராக்ட் சூப்பர்வைசராக இருந்தேன். பேக்கிங்கிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் நாற்பது பெண்கள் எனக்குக் கீழே. லேட்டாக வந்த ஒரு பெண்ணைக் கண்டித்தேன், அவள் ஆத்திரத்தில் எட்டி உதைத்துவிட்டாள், முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று சொன்னேன். உனக்கு, உன் அம்மாவுக்கு, பார்க்க வந்த உறவுக்காரர்களுக்கு, விசாரணை வைத்த கம்பெனிக்கு, எல்லாருக்கும் அதே வாக்கியம். ஏழு வருஷமாக நீ அதை நம்பிக்கொண்டிருக்கிறாய். பெண் பிள்ளை கால் தூக்கினாள் என்றால் திமிர் பிடித்தவளாகத்தான் இருப்பாள் என்ற எண்ணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று உன் போனை வைத்த பிறகு யோசித்தேன். வேறு எங்கிருந்தும் வரவில்லை. நான் கொடுத்தது.

நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் இசக்கியம்மாள். சங்கரன்கோவில் பக்கம். இருபது வயது இருக்கலாம், அதற்கு மேல் இல்லை. காண்ட்ராக்டர் எடுத்துக்கொடுத்த ஹாஸ்டல் அறையில் ஏழெட்டுப் பேரோடு இருந்தாள். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நேரத்துக்கு வருவாள், யாரோடும் அதிகம் பேச மாட்டாள். அவள் லேட்டாக வந்ததே இல்லை. எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. நம் நிலம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போன பிறகு வரப்பில் நடந்துகொண்டிருந்தவன் சட்டையில் பேனா குத்திக்கொண்டு நாற்பது பேருக்கு ஷிப்ட் போட ஆரம்பித்திருந்தேன். ஓ.டி. யாருக்கு, லீவு யாருக்கு, கேட் பாஸ் யாருக்கு என்று எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது. கையெழுத்து வாங்க வருகிறவர்கள் சிரித்துப் பேசினார்கள். அந்தச் சிரிப்பை என் முகத்துக்காகச் சிரிக்கிறார்கள் என்று நினைக்க ஆரம்பித்தேன். இசக்கியம்மாள் சிரிக்க மாட்டாள். அது எனக்கு உறுத்தியது. அவளை வேண்டுமென்றே கடைசி வரை நிறுத்தி வைப்பேன். ஏதாவது சொல்வேன், இரண்டு அர்த்தம் வருகிற மாதிரி. பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அக்கா குழந்தைக்குக் காதுகுத்து என்று நாலு நாள் லீவு கேட்டாள். "ஸ்டோருக்கு வா, அங்க போட்டுத் தரேன்" என்றேன். மதியம் ஷிப்ட் மாறுகிற நேரம். அட்டைப் பெட்டிகள் அடுக்கி வைக்கிற அறை, ஒரே கதவு. அவள் லீவு லெட்டரோடு வந்தாள். நான் லெட்டரை வாங்கவில்லை, அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். இன்னொரு கையால் கதவைச் சாத்தினேன். இதையும் எழுதிவிடுகிறேன். விளையாட்டுக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்யப் போகிறோம் என்று தெரிந்துதான் பிடித்தேன்.

"விடுங்க சார்" என்றாள். மூன்று முறை சொன்னாள். முதல் முறை சத்தமாக. இரண்டாவது முறை அதைவிடச் சத்தமாக. வெளியே மெஷின் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். மூன்றாவது முறை மெதுவாகச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவின் குதிகாலால் என் பாதத்தின் மேல் ஓங்கி மிதித்தாள். நான் செருப்புப் போட்டிருந்தேன். சூப்பர்வைசர்தானே, என்னை யார் கேட்பது. வலியில் குனிந்தேன், ஆனால் கையை விடவில்லை. அடுத்த உதை முழங்காலுக்குப் பக்கவாட்டில் விழுந்தது. பச்சைக் கிளையை ஒடிப்பது போல ஒரு சத்தம். நான் விட வேண்டும் என்று நினைக்கும் முன்பே என் விரல்கள் விட்டுவிட்டன. கீழே கிடந்த என்னை அவள் இன்னொரு உதை உதைத்திருக்கலாம். முகம் அவள் காலடியில்தான் இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தாள், ஆட்கள் இருக்கிற லைனை நோக்கி ஓடினாள்.

தூக்க வந்தவர்களிடம் நான் சொன்ன முதல் வார்த்தையே பொய். "லேட்டா வந்தான்னு கேட்டேன், உதைச்சிட்டா." வலியில் உளறினேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. தெளிவாகத்தான் சொன்னேன். மூன்றாம் நாள் கட்டுப்போட்ட காலோடு நாற்காலியில் தூக்கி வைத்து விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர்களில் ஒருவர், "நல்லாத்தான் உதைச்சிருக்க, எங்கம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டார். மற்ற இருவரும் லேசாகச் சிரித்தார்கள். "யாரும் சொல்லித் தரல சார். மூஞ்சில அடிச்சா கையப் புடிச்சுக்கிடுவாவ. காலத்தான் கவனிக்க மாட்டாவ" என்று அவள் நிஜமான கேள்விக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். அவள் ஓடி வந்ததைப் பார்த்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றாள். அன்றைக்கே இசக்கியம்மாளை நிறுத்திவிட்டார்கள். வேலை போனால் ஹாஸ்டலும் போய்விடும்.

மறுநாள் அவள் நம் வீட்டுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். கூட ஒரு தோழி, கையில் ஒரு பை. நீ கேட்டில் நின்றாய். நான் உள்ளே கட்டிலில் படுத்திருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது, ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. "உங்கப்பாட்ட ஒரு தடவ மட்டும் நெசத்தச் சொல்லச் சொல்லுங்க தம்பி. வேல வேண்டாம். எங்க வீட்டுக்கு லெட்டர் போட்டுட்டாவ, நான் சண்டைக்காரின்னு. அத மட்டும் மாத்தச் சொல்லுங்க" என்றாள். நீ என்ன சொன்னாய் என்று இங்கே எழுதப்போவதில்லை. உனக்குப் பதினேழு வயது, அப்பா கட்டிலில் கிடக்கிறான், காரணமானவள் வாசலில் நிற்கிறாள். நீ பேசியதற்கெல்லாம் நான்தான் பொறுப்பு. படுத்தபடி "உள்ள வரச் சொல்லுடா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டேன், தூங்குகிறவன் மாதிரி. நீ கேட்டைச் சாத்திய சத்தம் கேட்டது.

உன் அம்மா பின்பக்கமாகப் போய்த் தெருமுனையில் அவளைப் பிடித்து நிறுத்தினாள். இதுவும் உனக்குத் தெரியாது. என்ன பேசினார்கள் என்று இன்று வரை எனக்கும் தெரியாது. திரும்பி வந்தவள் தட்டில் சோறு போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றிலிருந்து நடு அறையில் படுத்துக்கொள்கிறாள். அப்பாவுக்குக் கால் வலி, இடைஞ்சலாக இருக்கும் என்று உன்னிடம் சொன்னாள். நீ பரீட்சை எழுத வேண்டியவன் என்றுதான் அவள் அன்றைக்கு உன்னிடம் சொல்லாமல் விட்டாள். அப்புறம் நீ வேலைக்குப் போனாய், அப்புறம் பெண் பார்த்தோம், ஒவ்வொன்றாகத் தள்ளிப் போய்விட்டது. அவளும் களைத்துவிட்டாள் என்று நினைக்கிறேன். உண்மையைத் தெரிந்துகொண்டு ஒருத்தனுக்கு ஏழு வருஷம் சோறு போடுவது லேசான காரியம் இல்லை.

இப்போது வளர்மதிக்கு வருகிறேன். நேற்று குன்றத்தூருக்குப் போய் அவளையும் அவள் அப்பாவையும் பார்த்துவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல் போனேன், கேட்டால் தடுப்பாய். முதலில் அவளுக்கு நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். நீ கேட்கவே இல்லையாமே. வீடியோ வந்த அன்று "இன்னா இது" என்று ஒரு மெசேஜ் அனுப்பியதோடு சரி, அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை என்றாள்.

வீடியோவில் உதை வாங்கியவன் ஒரு மாதமாக அவள் பஸ்ஸை விட்டு இறங்குகிற நேரம் பார்த்துப் பின்னால் வருகிறவன். அன்றைக்கு முதல் ஷிப்ட் முடிந்து வருகிறாள், வெயில் தாழாத சாயங்காலம், சுற்றிலும் ஆட்கள். டீக்கடைக்குப் பக்கத்தில் அவன் துப்பட்டாவைப் பிடித்திருக்கிறான், பிறகு தோளைப் பிடித்திருக்கிறான். கத்தியிருக்கிறாள். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், யாரும் வரவில்லை. அவர்களில் ஒருத்தன் செல்லை எடுத்தான். "அவன் மூஞ்சி எனக்கு எட்டல மாமா. ரெண்டு கையும் அவன் தோள்ல வெச்சுத் தள்ளினா அசையல. மொதல்ல ஷூவால அவன் கால் எலும்புல மேலருந்து கீழ தேச்சு மிதிச்சேன், புடி கொஞ்சம் தளந்துச்சு. அப்பறம்தான் முட்டில விட்டேன். ஜெயிக்கணும்னு உதைக்கல. ஓடணும்னு உதைச்சேன்" என்றாள். வீடியோவில் கடைசி உதை மட்டும்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்த எதுவும் இல்லை. நானும் ஏழு வருஷமாக உங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், உதையை மட்டும்.

வளர்மதி வீட்டார் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் வீட்டார் சமாதானத்துக்கு ஆள் அனுப்புகிறார்களாம், எங்கள் பிள்ளைக்குக் கால் போய்விட்டது, பாவம் இல்லையா என்று. அந்தப் 'பாவம்' என்ற வார்த்தையை எனக்கும் நிறையப் பேர் சொன்னார்கள். ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்து சொன்னார்கள். நீ ஒன்று தெரிந்துகொள். பிடித்திருக்கிற கையை விட்டிருந்தால் என் கால் இன்றைக்கு நன்றாக இருந்திருக்கும். மூன்று முறை சந்தர்ப்பம் கொடுத்தாள். அவனுக்கும் கொடுத்திருக்கிறாள், கத்தியிருக்கிறாள். முழங்கால் சின்ன இடம்தான். எவ்வளவு பலசாலியும் அந்த ஒரு மூட்டின் மேல்தான் நிற்கிறான். ஒல்லியாக, குட்டையாக, பயந்துபோய் இருக்கிற ஒரு பெண்ணுக்கு எட்டுகிற இடம் அதுதான், அவளுக்கு மிச்சம் இருப்பதும் அதுதான். நாளைக்கு உனக்கு ஒரு பெண் பிறந்தால் அவளிடம் சொல். பாதத்தில் மிதி, கால் எலும்பில் உதை, முழங்காலில் உதை, பிடி தளர்ந்ததும் நிற்காதே, ஆட்கள் இருக்கிற பக்கம் ஓடு. இதை என்னைவிடத் தெரிந்தவன் உனக்குக் கிடைக்க மாட்டான். உதை வாங்கிய பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ட்ரெயினிங் முடிந்து வந்தால் டீம் லீடராகப் போடுவார்கள் என்றாய். உனக்குக் கீழேயும் பெண்கள் இருப்பார்கள். லீவு லெட்டரை லைனிலேயே, எல்லார் எதிரிலும் வாங்கு. உன்னைப் பார்த்துச் சிரிக்காத பெண்ணை உறுத்தலாக நினைக்காதே. இதற்கு மேல் உபதேசம் செய்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

வளர்மதி சொல்லி முடித்ததும் என் கதையைச் சொன்னேன். உனக்கு எழுதிய அளவுக்கு விவரமாக இல்லை, ஆனால் எதையும் மறைக்கவில்லை. அவள் அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நம் வீட்டுக்குத்தான் மருமகளாக வரப் போகிறாள், வருவதற்கு முன்னால் மாமனார் யார் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை இருக்கிறது, அதனால் வந்தேன் என்றேன். வளர்மதி, "அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா."

"தேடுனீங்களா?"

"இல்ல."

"கம்பெனிக்காவது சொன்னீங்களா, அவங்க பேர்ல தப்பு இல்லன்னு?"

"இல்லம்மா."

"அப்ப மொதல்ல எங்கிட்ட ஏன் வந்தீங்க? அவங்ககிட்டல்ல போயிருக்கணும்."

அதற்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடவில்லை. நான் எழுந்தபோது, "உங்க பையனுக்கு என்னைப் புடிக்கலன்னா அது வேற. அவரு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல பாருங்க, அதத்தான் நான் யோசிச்சினு கீறேன்" என்றாள். ஆகவே இந்தக் கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று நீ முடிவு செய்வதாக நினைத்துக்கொண்டிருக்காதே. முடிவு அவள் கையில் இருக்கிறது. லீவு போட்டு வா. நேரில் போ. மன்னித்துவிட்டேன் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போகாதே, மன்னிக்க உனக்கு அங்கே ஒன்றும் இல்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேள். அவள் சொல்லும்போது நடுவில் பேசாதே. நான் கல்யாணத்தில் நிற்கக் கூடாது என்று அவள் சொன்னால் சரி என்று சொல்லிவிடு, என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

இன்று காலையில் பழைய கம்பெனிக்குப் போனேன். விசாரணை வைத்த மூவரில் ஒருவர்கூட இப்போது அங்கே இல்லை. காண்ட்ராக்டரும் மாறிவிட்டான். கேட்டில் இருந்த செக்யூரிட்டி என்ன விஷயம் என்றான், ஒரு பெண்ணின் ஊர் முகவரி வேண்டும் என்றேன், எதற்கு என்றான். உண்மையைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, யாரிடமாவது கொடுக்கிறேன் என்றான். எழுதிக் கொடுத்திருக்கிறேன், நடந்தது முழுவதும், கையெழுத்துப் போட்டு. அது எங்கே போகும் என்று தெரியாது. முகவரி கிடைக்காவிட்டால் சங்கரன்கோவிலுக்கே போய் விசாரிக்கலாம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "போறதுன்னா போ, சொல்லிக்கினு இருக்காத" என்றாள். அவள் சொல்வது சரி. இவ்வளவு காலம் கழித்துப் போய் நின்றால் அந்தப் பெண்ணுக்கு அதில் நல்லது உண்டா, அல்லது எனக்கு மட்டும்தான் உண்டா என்று புரியவில்லை. புரிகிற வரைக்கும் காத்திருந்தால் போகவே மாட்டேன், அது மட்டும் தெரிகிறது.

நேற்றுக் கிளம்பியபோது நடந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். வளர்மதியின் வீடு மாடியில். நான் போகும்போதெல்லாம் சம்பந்தி என் கையைப் பிடித்துப் படியில் இறக்கி, பஸ் ஏறுகிற வரை கூட நிற்பார். நான் வேண்டாம் என்றாலும் விட மாட்டார். நேற்று அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நானே இறங்கினேன். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே கதவு திறந்துதான் இருந்தது. யாரும் வரவில்லை, வரவும் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மீதிப் படிகளையும் இறங்கினேன்.

உன் அப்பா